அநியாயமாக வேலையை விட்டு நீக்கிய நிறுவனத்தைச் சட்டப்படி திருப்பி அடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிலாளர் அலுவலக வாசலிலும் தொழிற்சங்க அறைகளிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். "அவங்களைச் சும்மா விடக் கூடாது" என்றுதான் எல்லாரும் வருகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதை எந்த அலுவலகத்தில், எந்தத் தேதிக்குள், எப்படி எழுதிக் கொடுத்தால் நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதைத்தான் இந்தப் பக்கம் சொல்கிறது. தமிழ்நாட்டில் தனியார் ஆலை, கடை, ஐ.டி. அலுவலகம் போன்றவற்றில் வேலை பார்த்தவர்களுக்கானது இது. அரசு ஊழியர்களுக்கு விதிகள் வேறு.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டத்தின் இடத்தில் இப்போது தொழிலுறவுத் தொகுப்பு இருக்கிறது. பழைய சட்டத்தின் அடிப்படைப் பாதுகாப்புகள் பெரும்பாலும் தொடர்கின்றன, ஆனால் சில காலக்கெடுக்கள் குறைந்துவிட்டன. மாறிய இடங்களைப் பதில்களில் குறித்திருக்கிறோம்.

1. "நாளையிலேர்ந்து வராதேன்னு வாயால சொல்லிட்டாங்க, லெட்டர் எதுவும் தரல. முதல்ல என்ன செய்யணும்?"

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போங்கள். வீட்டிலேயே இருந்துவிட்டால், "நாங்கள் நீக்கவில்லை, அவராகவே வேலையைக் கைவிட்டுவிட்டார்" என்று நிறுவனம் பதில் மனுவில் எழுதும். வாய்மொழியாக நீக்கப்பட்ட வழக்குகளில் அநேகமாக எல்லா நிறுவனமும் சொல்லும் முதல் பதில் இதுதான். கேட்டில் தடுத்தால் வாக்குவாதம் வேண்டாம். தடுத்தவரின் பெயர், நேரம், உடனிருந்தவர்கள் யார் என்று குறித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதி மின்னஞ்சலிலும் தபாலிலும் அனுப்புங்கள். நீளம் தேவையில்லை: "நான் தங்கள் நிறுவனத்தில் இன்ன தேதி முதல் இன்ன பணியில் இருக்கிறேன். நேற்று மாலை 5 மணிக்கு மேலாளர் என்னை இனி வர வேண்டாம் என்று வாய்மொழியாகக் கூறினார். இன்று காலை 9 மணிக்குப் பணிக்கு வந்தபோது வாயிலில் தடுக்கப்பட்டேன். நான் வேலையை விடவில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என்னைப் பணிக்கு அனுமதிக்கவும், நீக்கியிருந்தால் எழுத்துப்பூர்வ உத்தரவும் காரணமும் தரவும் கேட்டுக்கொள்கிறேன்." இதில் வசவு, மிரட்டல், பழைய கதை எதையும் சேர்க்காதீர்கள். பின்னாளில் நீதிபதி படிக்கப்போகும் முதல் தாள் இதுவாக இருக்கலாம்.

பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட்டுக்குப் பதிவும் ஒப்புகையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். நிறுவனம் வாங்க மறுத்துத் தபால் திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்கக் கூடாது. தபால்காரரின் குறிப்போடு மூடியபடி இருக்கும் உறைதான் சாட்சி. பிரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்பதே தகராறாகிவிடும்.

2. "வயித்தெரிச்சலா இருக்கு. கிளம்புறப்ப சிஸ்டத்துல இருந்த ஃபைலையெல்லாம் அழிச்சுட்டா? இல்ல கஸ்டமர் லிஸ்ட்டை எடுத்துட்டுப் போட்டிக் கம்பெனிக்குக் கொடுத்தா?"

செய்யாதீர்கள். அனுமதியின்றித் தகவலை அழிப்பதும் நகலெடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளின்கீழ் குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னும் முடக்கப்படாத பழைய பாஸ்வேர்டில் உள்ளே நுழைவதும் இதில் அடங்கும். காரணமே இல்லாமல் உங்களை நீக்கிய நிறுவனத்துக்கு ஒரு காரணத்தை நீங்களே கையில் கொடுத்ததாகிவிடும். நீதிமன்றத்தில் அதன் பிறகு உங்கள் நீக்கம் பேசப்படாது, நீங்கள் செய்தது மட்டுமே பேசப்படும்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை வேறு: பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஊதிய உயர்வுக் கடிதங்கள், பாராட்டு மின்னஞ்சல்கள், வருகைப் பதிவு, உங்களுக்கு வந்த மெமோ. இவை உங்களைப் பற்றியவை. லேப்டாப், அடையாள அட்டை, சாவி எல்லாவற்றையும் ஒப்படைத்து, பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் என்னென்ன ஒப்படைத்தோம் என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

3. "ஃபேஸ்புக்ல உண்மையைத்தானே எழுதுறேன்? அதுல என்ன தப்பு?"

உண்மை என்பது மட்டும் போதாது. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. உண்மை என்ற விதிவிலக்கைப் பெற, அதை வெளியிட்டதில் பொது நன்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும். மேலாளரின் பெயரைப் போட்டு எழுதிய ஒரு பதிவால், வழக்குத் தொடுக்க வேண்டியவர் வழக்கைச் சந்திப்பவராக மாறிவிடுகிறார். எழுதியே தீர வேண்டுமென்றால், வழக்கு முடிந்த பிறகு தீர்ப்பில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

4. "என் டெசிக்னேஷன் அசிஸ்டென்ட் மேனேஜர். நான் லேபர் கோர்ட்டுக்குப் போக முடியாதாமே?"

பதவியின் பெயர் எதையும் தீர்மானிப்பதில்லை. நீங்கள் அன்றாடம் என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் பணி, கணக்கு, கோடிங், இயந்திர இயக்கம் போன்றவற்றைச் செய்பவர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் தொழிலாளிதான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளி அல்ல. மேற்பார்வைப் பணியில் இருப்பவருக்கு மட்டும் சம்பள வரம்பு உண்டு: பழைய சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய், புதிய தொகுப்பில் 18,000. ஐ.டி. நிறுவனங்களுக்கும் தொழிற்தகராறு சட்டம் பொருந்தும் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியது.

உங்களையே சோதித்துக்கொள்ள மூன்று கேள்விகள்: யாருக்காவது விடுப்பு அனுமதிக்கும் அதிகாரம் உங்களுக்கு இருந்ததா? யாரையாவது வேலைக்கு எடுக்க, நீக்க முடிந்ததா? யாருடைய ஊதிய உயர்வையாவது முடிவு செய்தீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றால், தலைப்பில் மேனேஜர் என்று இருந்தாலும் வழக்குக்கு வலு உண்டு. பள்ளி ஆசிரியர்கள் மட்டும் தனி. அவர்கள் தொழிலாளி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-ல் சொல்லிவிட்டதால், தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

உண்மையிலேயே நிர்வாகப் பதவியில் இருந்தவருக்கு உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அங்கே வேலை திரும்பக் கிடைக்காது. ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலச் சம்பளமும் நிலுவையும்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

5. "நீயா எழுதிக் கொடு, இல்லைன்னா டெர்மினேஷன்னு போட்டுருவோம்னு ராஜினாமா எழுதி வாங்கிட்டாங்க. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?"

முடியும், ஆனால் மணிக்கணக்கில் நகர வேண்டும். ராஜினாமா நடைமுறைக்கு வருவதற்கு முன் அதைத் திரும்பப் பெறலாம் என்பது உச்ச நீதிமன்றம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் நிலைப்பாடு. அறையை விட்டு வெளியே வந்ததும், அன்று இரவுக்குள், மனிதவளத் துறைக்கும் நிர்வாக இயக்குநருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன நேரத்தில் இன்ன அறையில் இன்னார் இன்ன சொல்லி மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள், நான் விரும்பி ராஜினாமா செய்யவில்லை, அதைத் திரும்பப் பெறுகிறேன், பணியைத் தொடரத் தயார். கூடவே 1-ஆம் கேள்வியில் சொன்னபடி தபாலிலும் அனுப்புங்கள்.

மூன்று மாதம் கழித்து "மிரட்டி வாங்கினார்கள்" என்று சொல்பவரை நீதிமன்றம் எளிதில் நம்புவதில்லை. இடைப்பட்ட காலத்தில் முழு செட்டில்மென்ட் பணத்தை மறுப்பில்லாமல் வாங்கி, பிரிவுபசார விழாவில் புகைப்படமும் எடுத்திருந்தால் வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. பணம் வங்கியில் தானாக வந்து விழுந்தால், "என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உடனே எழுதி அனுப்பிவிடுங்கள்.

6. "எத்தனை நாளுக்குள்ள கேஸ் போடணும்?"

எந்த வழி என்பதைப் பொறுத்தது. மிகக் குறுகியது கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்ட வழி. தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி, 6 மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்கினால், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். இது மாநிலச் சட்டம் என்பதால் புதிய தொகுப்புகள் வந்த பின்பும் இருக்கிறது. நான்கு பேர் வேலை செய்யும் துணிக்கடைக்கும் பொருந்தும்.

தொழிற்தகராறு வழியில் பழைய சட்டம் நீதிமன்றம் போக 3 ஆண்டு கொடுத்தது. புதிய தொகுப்பில் சமரசத்துக்குப் போகவே 2 ஆண்டுதான். எந்தச் சட்டம் பொருந்தும் என்ற வாதத்துக்கே இடம் கொடுக்காமல், 2 ஆண்டுதான் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். "எம்.டி. பேசித் தீர்ப்பதாகச் சொன்னார்" என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுபவர்கள் நிறைய. வாய் வாக்குறுதியால் கெடு நீளாது.

7. "லேபர் ஆபீஸ்ல மனு எப்படிக் கொடுக்கிறது? வக்கீல் வெச்சே ஆகணுமா?"

உங்கள் மாவட்டத்தில் சமரசப் பொறுப்பில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு கொடுக்க வேண்டும். வங்கி, காப்பீடு, ரயில்வே, விமான நிலையம் போன்றவை மத்திய அரசின் வரம்பு. அவற்றுக்கு மத்திய தொழிலாளர் உதவி ஆணையர், சென்னை சாஸ்திரி பவன். தவறான அலுவலகத்தில் கொடுத்தால் மனு திரும்பி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கட்டணம் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதலாம்.

மனுவில் இருக்க வேண்டியவை: உங்கள் விவரம், நிறுவனத்தின் முழுப்பெயரும் பதிவு அலுவலக முகவரியும், சேர்ந்த தேதி, பணி, கடைசியாக வாங்கிய சம்பளம், நீக்கிய தேதி, நடந்தது என்ன, கோரிக்கை. கோரிக்கையை இப்படி எழுதுங்கள்: "பணித் தொடர்ச்சி, முழுப் பின்சம்பளம் மற்றும் இதர பலன்களுடன் மீண்டும் வேலை வழங்க வேண்டும்." (பின்சம்பளம் என்பது நீக்கப்பட்டு வெளியே இருந்த காலத்துக்கான சம்பளம்.) உங்களுக்கு அங்கே திரும்பிப் போக விருப்பமே இல்லாவிட்டாலும் இதையே கேளுங்கள். முதல் மனுவிலேயே "ஏதாவது பணம் கொடுத்தால் போதும்" என்று எழுதியவர் பேரம் தொடங்கும் முன்பே இறங்கிவிட்டார். நீக்கிய பிறகு வேறு வேலை கிடைக்கவில்லை என்றால் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். காரணம் 16-ஆம் கேள்வியில். உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சமரசப் பேச்சில் இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. நீதிமன்றத்தில்கூட எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் இருந்தால்தான் வக்கீல் வரலாம். தொழிற்சங்க நிர்வாகி உங்களுக்காக வாதாடலாம். இலவச வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ல் அழையுங்கள். ஆலைத் தொழிலாளர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி உண்டு.

8. "ஹியரிங்குக்குக் கம்பெனிக்காரங்க வரவே மாட்டேங்குறாங்க. இப்படியே இழுத்தா?"

இழுக்கட்டும், உங்களுக்கு நட்டமில்லை. பழைய சட்டத்தில், மனு கொடுத்து 45 நாள் முடிந்துவிட்டால், சமரசம் முடிந்தாலும் முடியாவிட்டாலும், நேராக நீதிமன்றத்தில் மனு போடலாம் என்று இருந்தது. புதிய தொகுப்பில் சமரச அலுவலர் 45 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அது உங்களுக்குக் கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். புதிய தீர்ப்பாயங்கள் அமையும் வரை இப்போதுள்ள தொழிலாளர் நீதிமன்றங்களே விசாரிக்கின்றன. சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், வேலூர் உள்ளிட்ட ஊர்களில் அவை இருக்கின்றன. சமரசத்தில் நிறுவனம் கொடுக்கும் பதில் மனுவின் நகலைக் கட்டாயம் வாங்குங்கள். அதில் ஒன்றும் பின்னால் நீதிமன்றத்தில் வேறொன்றுமாக எழுதும் நிறுவனங்கள் உண்டு. அந்த முரண்பாட்டை வைத்தே ஜெயித்த வழக்குகள் இருக்கின்றன.

9. "ஒரு மாசச் சம்பளத்தைக் கொடுத்துட்டா யாரை வேணா தூக்கலாம்தானே? அக்ரிமென்ட்ல அப்படித்தான் இருக்கு."

ஒப்பந்தம் சட்டத்துக்குக் கீழேதான். ஓராண்டு தொடர்ச்சியாகப் பணிபுரிந்த தொழிலாளியை ஆட்குறைப்பு என்று நீக்க வேண்டுமானால், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் மட்டும் போதாது. ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். அதுவும் நீக்கும் நேரத்திலேயே. பிறகு தருகிறோம் என்றால் நீக்கமே செல்லாது. கடந்த 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் ஓராண்டு தொடர்ச்சி என்று கணக்கு. சம்பளத்துடன் கூடிய விடுமுறை நாட்களும் அதில் சேரும். 240 நாளை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுகளை முன்பே பதிவிறக்கி வையுங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். படிகள் ஏதுமின்றி மாதம் 26,000 ரூபாய், 8 ஆண்டு 7 மாதப் பணி. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காலம் ஓராண்டாக எண்ணப்படுவதால் 9 ஆண்டு. ஆட்குறைப்பு இழப்பீடு அரை மாதச் சம்பளம் 13,000 × 9 = 1,17,000. நோட்டீஸ் சம்பளம் 26,000. கிராஜுவிட்டி தனி. அதற்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும்: 15,000 × 9 = 1,35,000. மொத்தம் 2,78,000 ரூபாய், இது தவிர நிலுவைச் சம்பளம். "26,000 வாங்கிக்கொண்டு போ" என்று சொல்லும் இடத்தில் உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்பது இப்போது தெரிகிறதல்லவா? புதிய தொகுப்பில் மறுதிறன் நிதி (வேலை இழந்தவர் புதிய திறன் கற்க உதவும் நிதி) என்று இன்னும் 15 நாள் சம்பளத்தையும் நிறுவனம் கட்ட வேண்டும்.

இன்னும் இரண்டைப் பாருங்கள். கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் ஆட்குறைப்புச் செய்ய வேண்டும். உங்கள் இடத்துக்குப் புதிய ஆள் எடுத்தால் உங்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் (புதிய தொகுப்பில் ஓராண்டுக்குள்). நீக்கிய அடுத்த மாதமே அதே வேலைக்கு விளம்பரம் வந்தால் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வேலையே இல்லை என்ற அவர்கள் வாதம் அதற்குப் பிறகு எடுபடாது.

10. "திருடிட்டேன்னு பழி போட்டு நீக்கிட்டாங்க. விசாரணைன்னு எதுவுமே நடக்கல."

ஒழுங்கீனம் என்று நீக்குவதற்கு உள்விசாரணை வேண்டும்: எழுத்தில் குற்றச்சாட்டு, பதில் சொல்ல அவகாசம், நடுநிலையான விசாரணை அதிகாரி, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு, விசாரணை அறிக்கையின் நகல். இதில் ஒன்று விடுபட்டாலும் கேள்வி எழுப்பலாம். விசாரணை நடந்தால் கண்டிப்பாகக் கலந்துகொள்ளுங்கள். புறக்கணித்தால் ஒருதலையாக முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு நாளும் நடவடிக்கைக் குறிப்பைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள், நகல் கேளுங்கள். தராவிட்டால் "நகல் தரப்படவில்லை" என்று கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விசாரணை நடக்கவில்லை என்பதால் மட்டும் வழக்கு தானாக ஜெயிக்காது. நிறுவனம் குற்றத்தை நீதிமன்றத்திலேயே நேரடியாக நிரூபிக்க அனுமதி கேட்கலாம். ஆகவே உங்கள் தரப்புச் சாட்சியும் ஆவணமும் தயாராக இருக்க வேண்டும். குற்றம் நிரூபணமானாலும், தண்டனை மிகையானது என்று கருதினால் அதைக் குறைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு.

சஸ்பென்ஷனில் இருந்த காலத்துக்குப் பிழைப்பூதியம் வாங்கினீர்களா? தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 90 நாளுக்கு 75, அதற்கு மேல் முழுச் சம்பளம்.

11. "ப்ரொபேஷன்ல இருந்தேன். எனக்கு உரிமையே இல்லையா?"

குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. "பணி திருப்தி இல்லை" என்று எளிமையாக முடித்தால் எதிர்ப்பது கடினம். உத்தரவில் திருட்டு, மோசடி என்று களங்கம் கற்பித்திருந்தால் 10-ஆம் பதிலில் சொன்ன விசாரணை வேண்டும். 6 மாதம் தாண்டியிருந்தால் 41-ஆம் பிரிவையும், 240 நாள் தாண்டியிருந்தால் 9-ஆம் பதிலையும் பாருங்கள். நிறுவனம் ப்ரொபேஷனை நீட்டித்துக்கொண்டே போனது உங்களுக்குச் சாதகமாகவும் முடியலாம்.

12. "கடைசி மாசச் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருக்காங்க. கேஸ் முடியுற வரை காத்திருக்கணுமா?"

தேவையில்லை. நீக்கம் சரியா தவறா என்பது ஒரு வழக்கு. உழைத்ததற்கான பணம் வேறு. ஊதியத் தொகுப்புப்படி, நீக்கிய அல்லது விலகிய 2 வேலை நாளுக்குள் சம்பள நிலுவையைத் தந்துவிட வேண்டும். தராவிட்டால் 3 ஆண்டுக்குள் கோரிக்கை மனு போடலாம்.

கிராஜுவிட்டிக்குப் பொதுவாக 5 ஆண்டுப் பணி வேண்டும். நிறுவனத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். 30 நாளில் தராவிட்டால் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்கான அலுவலரிடம் போங்கள், வட்டியும் கேளுங்கள். "டெர்மினேட் ஆனவனுக்குக் கிராஜுவிட்டி கிடையாது" என்பது பொய். சொத்துச் சேதம் விளைவித்திருந்தால் சேத அளவுக்கும், வன்முறை அல்லது ஒழுக்கக்கேடான குற்றம் என்ற காரணத்துக்காக நீக்கியிருந்தால் மட்டும் முழுதாகவோ பகுதியாகவோ பிடிக்கலாம். அதற்கும் உங்கள் விளக்கத்தைக் கேட்டு உத்தரவு போட வேண்டும்.

பி.எஃப்.-ல் வெளியேறிய தேதியைப் போடாமல் முடக்கி வைப்பது இன்னொரு பழக்கம். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து 2 மாதம் கழித்து, யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் பதியலாம். நிறுவனத்தைக் கெஞ்ச வேண்டியதில்லை.

13. "ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைத் தர மாட்டேங்குறாங்க. பாண்ட் பணம் கட்டினாத்தான் தருவோம்ங்குறாங்க."

கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. 7 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேளுங்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ், அதன் பிறகு காவல் நிலையத்தில் புகார். சேரும்போது கொடுத்ததற்கு ரசீதோ மின்னஞ்சலோ இருந்தால் வேலை சுலபம். பெரும்பாலான நிறுவனங்கள் நோட்டீஸ் போனதுமே தந்துவிடுகின்றன.

பாண்ட் வேறு விஷயம். ஒப்பந்தக் காலத்துக்கு முன் தானாக விலகினால் ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை நியாயமாக இருந்தால் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் விஜயா வங்கி வழக்கில் கூறியது. அந்த வழக்கில் தொகை 2 லட்சம் ரூபாய். ஆனால் அங்கே ஊழியர் தாமாக விலகியவர். உங்களை அவர்களே நீக்கிவிட்டு பாண்ட் பணமும் கேட்பது வேறு கதை. மறுத்து எழுதுங்கள். "2 வருஷம் இதே துறையில் வேலை செய்யக் கூடாது" என்ற நிபந்தனை, வேலையை விட்ட பிறகு ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது.

14. "அவங்க பி.எஃப். ஒழுங்கா கட்டல, ஓவர்டைம் தரல. எல்லாத்தையும் போட்டுக் கொடுத்துடலாமா?"

உண்மையாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். நிறுவனத்தைச் சட்டப்படி உலுக்கும் வழி இதுதான், உள்ளே இருப்பவர்களுக்கும் இதனால் நன்மை. சம்பளத்தில் பிடித்துக் கட்டாத பி.எஃப்.-க்கு வருங்கால வைப்புநிதி அலுவலகம். இ.எஸ்.ஐ.-க்கு அந்தக் கழகம். பிடித்த வருமான வரி 26ஏ.எஸ். படிவத்தில் வராவிட்டால் வருமான வரித்துறை. ஆலைப் பாதுகாப்புக் குறைகளுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். சம்பளச் சீட்டையும் பி.எஃப். பாஸ்புக்கையும் மாதவாரியாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த மாதம், எவ்வளவு என்ற பட்டியலோடு போகும் புகாரைத்தான் அதிகாரி கையில் எடுப்பார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். "பணம் தராவிட்டால் புகார் கொடுப்பேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினால், அது பணம் பறிக்கும் மிரட்டல் என்று உங்கள் மீதே திரும்பலாம். பாரதிய நியாய சன்ஹிதா 308-ஆம் பிரிவு அதற்குத்தான். புகாரைக் கொடுங்கள், பேரப் பொருளாக்காதீர்கள்.

15. "கர்ப்பமா இருக்கேன்னு சொன்னதும் நீக்கிட்டாங்க." / "மேனேஜர் மேல பாலியல் புகார் கொடுத்ததுக்காக நீக்கிட்டாங்க."

இரண்டுக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது நீக்குவது சட்டவிரோதம். கர்ப்ப காலத்தில் நீக்கினாலும் மகப்பேற்றுப் பணப்பலனைப் பறிக்க முடியாது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். நீக்கிய 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.

பாலியல் துன்புறுத்தல் புகாரை, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் நிறுவனத்தின் உள்ளகக் குழுவில் எழுத்தில் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். வேலையில் இல்லை என்பதால் புகார் செல்லாமல் போகாது. புகார் தேதியையும் நீக்கிய தேதியையும் அருகருகே காட்டுங்கள். 41-ஆம் பிரிவு மேல்முறையீட்டையும் பழைய சட்டத்தின் பிரிவை வைத்து 2-ஏ மனு என்று பலரும் சொல்லும், 7-ஆம் பதிலில் உள்ள சமரச மனுவையும் இதற்காகக் கைவிட வேண்டியதில்லை.

16. "இடையில வேற வேலைல சேர்ந்துட்டா கேஸ் போயிடுமா?"

போகாது. வயிற்றுப்பாட்டுக்காக வேலை பார்ப்பதைச் சட்டம் தண்டிப்பதில்லை. பின்சம்பளத்தின் அளவுதான் குறையும். 2013-ல் தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் உச்ச நீதிமன்றம், தவறான நீக்கத்துக்குப் பின்சம்பளத்துடன் மறுவேலை என்பதே இயல்பான விதி என்றது. அதைப் பெற, வேறு வேலையில் இல்லை அல்லது குறைந்த சம்பளத்தில் இருந்தேன் என்று தொழிலாளி முதலில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, இல்லை என்று நிரூபிப்பது நிறுவனத்தின் வேலை. இதனால்தான் 7-ஆம் பதிலில் அந்த ஒரு வரியை எழுதச் சொன்னோம். வேலையில் இருந்துகொண்டு இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். உங்கள் பி.எஃப். கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

17. "மேனேஜர் போன்ல திட்டினதை ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன். செல்லுமா?"

நீங்கள் பேசிய உரையாடலை நீங்களே பதிவு செய்திருந்தால் பயன்படும். ஆனால் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் பதிவின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) வரும். பதிவு செய்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். கோப்பை வெட்டவோ, சத்தத்தைக் கூட்டவோ வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடல் என்றால் ஸ்கிரீன்ஷாட்டோடு முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். நடுவில் ஒரு துண்டு மட்டும் காட்டினால் முன்னும் பின்னும் என்ன இருந்தது என்றுதான் எதிர்த்தரப்பு கேட்கும்.

18. "நாலு லட்சம் தர்றோம், முடிச்சுக்கலாம்ங்குறாங்க. வாங்கலாமா?"

9-ஆம் பதிலில் உள்ளபடி உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிராஜுவிட்டி, நிலுவைச் சம்பளம், பி.எஃப். எல்லாம் எப்படியும் உங்கள் பணம். அவற்றையும் சேர்த்து நாலு லட்சம் என்கிறார்களா, அவை போக நாலு லட்சமா என்று முதலில் கேளுங்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடக்கும். தொழிலாளர் நீதிமன்றத்தில் ஜெயித்தாலும் நிறுவனம் உயர் நீதிமன்றம் போகும். வயது, கடன், வேறு வேலை கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுப்பதில் அவமானம் ஏதுமில்லை.

ஒப்புக்கொண்டால், சமரச அலுவலர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திடுங்கள். தனியறையில் வெற்றுத்தாளில் வேண்டாம். அவர் முன் போட்ட ஒப்பந்தத்தை மீறினால் வசூல் சுலபம். பணம் வங்கி வழியாக, தேதி குறிப்பிட்டு வர வேண்டும். ரிலீவிங் லெட்டரும் பணி அனுபவச் சான்றும் என்ன வாசகத்தில் என்பதை ஒப்பந்தத்தோடு இணைப்பாகவே வையுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் "டெர்மினேட்டட்" என்று சொல்ல மாட்டோம் என்ற வரியும் வேண்டும். பணம் வாங்கிய பிறகு இந்த வரிகளைக் கேட்டால் தர மாட்டார்கள்.

19. "ஜெயிச்சுட்டேன். ஆனா தீர்ப்புப்படி பணமே தரல."

தீர்ப்பில் தொகை குறிப்பிட்டிருந்தால், அரசிடம் வசூல் சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள். நில வரி பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் வழியாக நிறுவனத்தின் சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கலாம். தொகை குறிப்பிடாமல் "பின்சம்பளம் வழங்குக" என்று மட்டும் இருந்தால், அதைக் கணக்கிட்டுத் தரும்படி அதே நீதிமன்றத்தில் தனி மனு போட வேண்டும். மாதவாரியாகச் சம்பளம், இடையில் வந்திருக்க வேண்டிய ஊதிய உயர்வு, போனஸ் என்று அட்டவணை போட்டு இணையுங்கள். மறுவேலை உத்தரவு என்றால், தீர்ப்பு நகலோடு உடனே வேலைக்குப் போய் நில்லுங்கள். தடுத்தால் 1-ஆம் பதிலில் சொன்ன அதே கடிதத்தை, தீர்ப்பு எண்ணையும் சேர்த்து, அன்றே அனுப்புங்கள். அந்த நாளிலிருந்து ஓடும் சம்பளமும் அவர்கள் கணக்கில்தான் ஏறும்.